மனநலம் காப்போம்! காப்பவரையும் காப்போம்!

(சிவில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் கட்டுரை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் எங்கள் வகுப்பில் பலரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட், சூரிய மின்சாரம், ரோபோ என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மனநலம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஏன்டி, நீ என்ன டாக்டருக்கா படிக்கிறே?" என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். டிப்ளமோ மாணவிக்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கட்டடத்தில் பாரம் எப்படி இறங்குகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். தளத்தின் மேல் விழுகிற பாரம் பீமுக்குப் போகிறது. பீமிலிருந்து பில்லருக்கும், பில்லரிலிருந்து ஃபுட்டிங்குக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் போகிறது. பாரம் எங்கேயும் காணாமல் போவதில்லை. எங்கோ ஓர் உறுப்பு அதைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த உறுப்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் பாடத்திலும் படித்திருக்கிறோம், பத்திரிகையிலும் பார்த்திருக்கிறோம்.

மனித சமுதாயமும் அப்படித்தான். போரோ, புயலோ, வெள்ளமோ வந்தால் மக்கள் மனதில் ஒரு பெரும் பாரம் விழுகிறது. அதைத் தாங்க உதவுவதற்கு டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், குடிநீர்ப் பணியாளர், தொண்டர் எனச் சிலர் ஓடி வருகிறார்கள். இவர்களைத்தான் மனிதாபிமானப் பணியாளர்கள், நிவாரணப் பணியாளர்கள் என்கிறோம். பாதிக்கப்பட்டவரின் மனதுக்கு உலகம் என்ன செய்கிறது? அந்த உதவியைக் கொண்டுபோகிறவரை யார் காக்கிறார்கள்? இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் பில்லரைப் பலப்படுத்தாமல் தளத்தைக் காப்பாற்ற முடியாதல்லவா? அதுபோல இவை இரண்டும் ஒரே கேள்விதான்.

1. மனநோய் யாருக்கு வரும்?

உலக சுகாதார நிறுவனம் 1948-இல் தொடங்கியபோதே, நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று தன் அமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்தது. ஆனால் எழுதியது ஒன்று, நடந்தது வேறு. உடம்புக்கு ஆஸ்பத்திரி வந்தது, தடுப்பூசி வந்தது. மனது பின்னாலேயே நின்றுவிட்டது.

அந்நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 97 கோடிப் பேர் ஏதாவது ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தார்கள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். நம் வகுப்பில் 60 பேர் இருந்தால் அந்தக் கணக்குக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள்! 2021-இல் மட்டும் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 15 முதல் 29 வயதுள்ளோர் இறப்பதற்கான காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அது நம் வயது, நண்பர்களே. அதனால் இதை "பெரியவங்க விஷயம்" என்று தள்ளிவிட முடியாது.

போர் நடக்கும் நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். 2019-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்பவர்களில் 22 சதவீதம் பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு, மனச்சிதைவு போன்ற ஏதாவது ஒன்று இருக்கிறது.

இத்தனை பேருக்கும் சிகிச்சைக்கு ஒதுக்கப்படுவது எவ்வளவு? உலக நாடுகள் சராசரியாகத் தங்கள் சுகாதாரச் செலவில் சுமார் 2 சதவீதத்தைத்தான் மனநலத்துக்குக் கொடுக்கின்றன. நூறு ரூபாயில் இரண்டே ரூபாய்!

நம் நாட்டைப் பார்ப்போம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பது தெரிந்தது. நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. கை முறிந்தால் யாராவது சும்மா இருப்பார்களா? மனது முறிந்தால் மட்டும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்கிறோம்.

2. சங்கிலியும் மர பெஞ்சும்

சிகிச்சை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தினர் கொடியவர்களா? பலரும் ஏழைகள். எங்கே போவது என்று தெரியாமல் வந்தவர்கள். தீ வைத்தது யார் என்பதைவிட, பக்கத்தில் சிகிச்சை ஏன் இல்லை என்ற கேள்விதான் பெரிது. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கலாம். அவிழ்த்த பிறகு கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

அந்த ஆள் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமா? இதற்கு ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாடு ஒரு நல்ல பதில் கொடுத்திருக்கிறது.

அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் டாக்டர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர், மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர பஸ் கட்டணம் இல்லாத நிலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பஸ் காசு! நம்மில் எத்தனை பேருக்கு அதன் அருமை தெரியும்! நோயாளி டாக்டரிடம் வர முடியாவிட்டால் சிகிச்சை நோயாளியிடம் போக வேண்டும் என்று அந்த டாக்டர் முடிவெடுத்தார்.

2006-இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுடன் வேலை தொடங்கியது. கிளினிக் வாசலில் ஒரு மர பெஞ்ச். அதற்கு "நட்பு பெஞ்ச்" என்று பெயர். மனம் நொந்து வருகிறவர் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி உட்காருவார். "மனச்சோர்வு" என்ற மருத்துவச் சொல்லையே அவர் பயன்படுத்துவதில்லை. அவர்களுடைய ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் வீட்டிலும் "ரொம்ப யோசிக்காதே" என்றுதானே சொல்கிறார்கள்! அந்தப் பாட்டி அறிவுரை சொல்லி அனுப்பிவிட மாட்டார். முதலில் கேட்பார். பிறகு பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் இதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார். அடுத்த முறை வரும்போது அது என்ன ஆயிற்று என்று கேட்பார்.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து முறையாகச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தன. நம் நாட்டிலும் கோவாவில் டாக்டர் விக்ரம் படேலும் அவரது சங்காத் அமைப்பும், டாக்டர் அல்லாத சாதாரண ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து இதே வழியில் வெற்றி கண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மனநலச் சிகிச்சைக்கு மாத்திரையும் வேண்டும், டாக்டரும் வேண்டும். அவற்றுக்கும் முன்னால், பக்கத்தில் வந்து உட்காருகிற மனிதர் வேண்டும். எக்ஸ்ரே மெஷினைப் பெட்டியில் அனுப்பலாம். பக்கத்தில் உட்காருவதைப் பெட்டியில் அனுப்ப முடியாது.

3. பேரிடர் வந்தால்: நான்கு மாடிக் கட்டடம்

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்த அலை எங்கள் வீட்டில் இன்னும் முழுசாக வடியவில்லை.

எங்கப்பா மீன்பிடித் தொழிலாளி. படிப்பு இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அந்த வாரம் முழுக்க அப்பாவும் ஊர் ஆட்களும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடிபாட்டிலிருந்தும் முள்காட்டிலிருந்தும் உடல்களைத் தூக்கினார்கள். தூக்கியதில் சொந்தக்காரரும் உண்டு, சின்னப் பிள்ளைகளும் உண்டு. நிவாரணப் பணியாளர் என்று அவர்களுக்கு யாரும் அடையாள அட்டை கொடுக்கவில்லை. ஆனால் முதல் நிவாரணப் பணியாளர்கள் அவர்கள்தான். இக்கட்டுரைக்காக அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"செத்தவங்க கணக்கு எடுத்தாங்க பாப்பா. வீடு போனவங்க கணக்கு, போட்டு போனவங்க கணக்கு எல்லாம் எடுத்தாங்க. தூக்குனவங்க கணக்க யாரும் எடுக்கல."

இன்னமும் ராத்திரியில் திடுக்கென்று எழுந்து உட்காருவார். அம்மா எதுவும் கேட்காமல் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இருந்த ஒரே சிகிச்சை அந்தச் சொம்புத் தண்ணீர்தான்.

சுனாமியின்போது உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்தது. நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து மனநல உதவியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மொத்தத்தில் யார் என்ன செய்வது என்ற ஒழுங்கு குறைவாகவே இருந்தது. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு, 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. பேரிடர் காலத்து மனநல உதவியை அது நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறது. நம் பாஷையில் நான்கு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம்.

தரைத்தளம்: பாதுகாப்பு, குடிநீர், சாப்பாடு, தங்க இடம், கழிப்பறை, சரியான தகவல். இது எல்லோருக்கும் வேண்டும்.

முதல் மாடி: குடும்பமும் ஊரும் மறுபடி ஒன்று சேர்வது. காணாமல் போனவரைத் தேடித் தருவது, இறந்தவருக்குச் சடங்கு செய்ய வழி செய்வது, பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறப்பது.

இரண்டாம் மாடி: பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் தரும் நேரடி உதவி. நட்பு பெஞ்ச் பாட்டிகள் போல.

மூன்றாம் மாடி: மனநல மருத்துவர், உளவியல் நிபுணர், மருந்து. இது சிலருக்கே தேவைப்படும். ஆனால் தேவைப்படுவோருக்குக் கட்டாயம் வேண்டும்.

தரைத்தளத்தைப் பாருங்கள், நண்பர்களே! அங்கே டாக்டர் இல்லை. அங்கே இருப்பது யார்? சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் படித்தவர்கள்! சுனாமிக்குப் பிறகு தார் ஷீட் கொட்டகையில் இருந்த நாட்களைப் பற்றி அம்மா சொல்வார்: "குளிக்கிற மறைப்புக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விடியறதுக்கு முந்தியே பயந்து பயந்து குளிச்சிட்டு வந்துடுவோம்." முகாமில் கழிப்பறை எங்கே இருக்க வேண்டும், அங்கே விளக்கு உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்பதெல்லாம் அந்த வழிகாட்டி பேசுகிற மனநல விஷயங்கள். ஒரு பெண் ராத்திரி பயமில்லாமல் கழிப்பறைக்குப் போய் வந்தால், அந்தத் தாழ்ப்பாளைப் போட்டவர் அவளது மனநலத்துக்கும் வேலை செய்திருக்கிறார். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது மற்ற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். பல நாள் இருட்டுக்குப் பிறகு ஒரு பல்ப் எரிந்தபோது ஊர் எப்படிச் சிரித்தது என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதோடு "உளவியல் முதலுதவி" என்ற ஒன்றும் உண்டு. இதற்கான கையேட்டை உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் 2011-இல் வெளியிட்டன. அதைக் கற்றுக்கொள்ள டாக்டர் பட்டம் வேண்டாம். மூன்றே படிகள்:

பார்: இடம் பாதுகாப்பானதா, உடனடி உதவி யாருக்கு வேண்டும் என்று பார்.

கேள்: பக்கத்தில் போய், என்ன வேண்டும் என்று கேள். அவர் பேசினால் காது கொடு. பேசாவிட்டால் வற்புறுத்தாதே.

சேர்த்து விடு: குடும்பம், சாப்பாடு, தகவல், டாக்டர் என எது வேண்டுமோ அதனுடன் சேர்த்து விடு.

இரண்டாவது படியைக் கவனியுங்கள். நடந்ததை எல்லாம் சொல்லு, சொல்லு என்று கிளறுவது உதவி அல்ல. கேமராவோடு போய் "எப்படி இருந்தது?" என்று கேட்பது உதவியே அல்ல.

4. உதவப் போனவருக்கு என்ன ஆனது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1859 ஜூன் 24-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோவில் பெரும் போர் நடந்தது. அந்தப் பக்கம் போன ஹென்றி டுனான்ட் என்ற சுவிட்சர்லாந்து வியாபாரி, ஆயிரக்கணக்கானோர் காயத்தோடு கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கட்டுப் போட்டார்கள். டுனான்ட்டும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் செஞ்சிலுவைச் சங்கமும், 1864-இன் முதல் ஜெனீவா ஒப்பந்தமும். காயம்பட்டவரையும் அவருக்குச் சிகிச்சை தருபவரையும் தாக்கக் கூடாது என்பது உலகச் சட்டமானது. 1949-இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள் அதை விரிவாக்கின.

சட்டம் இருக்கிறது. நடப்பது என்ன?

2003 ஆகஸ்ட் 19: பாக்தாத் நகரில் ஐ.நா. அலுவலகம் இருந்த கேனல் ஓட்டல் மீது லாரி குண்டுத் தாக்குதல். ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் பலி. அந்த நாளைத்தான் 2009 முதல் உலக மனிதாபிமான தினமாக அனுசரிக்கிறார்கள்.

2006 ஆகஸ்ட் 4: இலங்கை திருகோணமலை மாவட்டம் மூதூர். பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குடிநீர், சுகாதார வசதி செய்து தரும் வேலையில் இருந்தவர்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட பனியன் அவர்கள் உடம்பில் இருந்தது. எங்கள் ஊரை அடித்த அதே அலை அடித்த ஊர்களில், நாம் படிக்கிற இதே வேலையைச் செய்தவர்கள்! அந்தக் கொலைக்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

2015 அக்டோபர் 3: ஆப்கானிஸ்தான் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானத் தாக்குதல். 42 பேர் பலி. அவர்களில் 14 பேர் ஊழியர்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. சர்வே வகுப்பில் நாம் ஜி.பி.எஸ். பிடித்துப் பார்க்கிறோமே, அதே எண்கள்தான். எண்கள் சரியாக இருந்தும் உயிர்கள் தப்பவில்லை.

2024: இந்த ஒரே ஆண்டில் உலகில் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது. முந்தைய ஆண்டைவிட 31 சதவீதம் அதிகம். காசாவில் மட்டும் 181 பேர், சூடானில் 60 பேர்.

கொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்கள் அல்ல. அந்தந்த ஊர்க்காரர்கள். டிரைவர், நர்ஸ், காவலாளி, பம்ப் ரிப்பேர் செய்பவர். சொந்த வீட்டுக் கூரை போன பிறகும் அடுத்த வீட்டுக் கூரையைப் போடப் போனவர்கள். வெளிநாட்டவர் இறந்தால் உலகம் முழுதும் செய்தி. உள்ளூர் டிரைவர் இறந்தால் பல நேரம் பெயர்கூட வருவதில்லை.

ஐ.நா. பாதுகாப்புச் சபை சும்மா இருக்கவில்லை. 2003-இல் 1502-ஆம் தீர்மானம், 2016-இல் மருத்துவப் பணியைக் காக்க 2286-ஆம் தீர்மானம், 2024 மே மாதத்தில் 2730-ஆம் தீர்மானம் என்று நிறைவேற்றியிருக்கிறது. டிராயிங் ஷீட்டில் பில்லர் நன்றாகத்தான் இருக்கிறது. சைட்டில்தான் கம்பி இல்லை. தாக்கியவர் விசாரணைக்கு வந்து நிற்பது அபூர்வமாக இருக்கும்வரை, தீர்மானம் என்பது காகிதத்தில் வரைந்த பில்லர்தான்.

5. உயிரோடு திரும்புகிறவர் மனம்

குண்டுக்குத் தப்பித் திரும்பி வருகிறவர்கள் கதை என்ன? சைட்டில் கட்டுக்கம்பியை ஒடிக்க கட்டர் இல்லையென்றால் கம்பி கட்டுகிறவர் என்ன செய்வார்? ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைப்பார். ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. பத்துப் பதினைந்து தடவையில் பட்டென்று ஒடியும். இதற்குத்தான் நம் பாடத்தில் ஃபெட்டீக் என்று பெயர். ஒரு பெரிய பாரம் உடைக்காததைத் திரும்பத் திரும்ப வரும் சின்ன பாரம் உடைத்துவிடும்.

நிவாரணப் பணியாளர் மனதும் அப்படித்தான். தினமும் ஓர் அழுகை, தினமும் ஒரு பிணம், தூக்கமின்மை, "இன்னும் ஒருவரைக் காப்பாற்றியிருக்கலாமே" என்ற உறுத்தல். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஒருநாள் எரிந்து விழுவார், குடிக்க ஆரம்பிப்பார், வேலையை விட்டுவிடுவார், அல்லது யாரிடமும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். "நாம கொடுக்கிற ஆள், நாம போய்க் கேக்கலாமா?" என்ற கூச்சம் வேறு. 2007-இன் அந்த வழிகாட்டியிலேயே பணியாளர், தொண்டர்களின் மனநலத்தைக் காப்பதற்குத் தனிப் பகுதி உண்டு. ஆனால் பண நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுகிற செலவுகளில் இதுவும் ஒன்று.

பாலம் கட்டும்போது பாரம் 10 டன் என்றால் 10 டன்னுக்கு மட்டுமா டிசைன் செய்கிறோம்? ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி வைக்கிறோம் அல்லவா? மனிதருக்கு மட்டும் ஏன் அது இல்லை?

6. செய்ய வேண்டியவை

என் சிறு அறிவுக்கு எட்டியவற்றைக் கீழே தருகிறேன்.

(1) மனநலத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கிராமத்துக்கும் கொண்டுவர வேண்டும். சாதாரண ஊழியர்களுக்குப் பயிற்சியும், அவர்களுக்கு மேலே வழிகாட்டும் நிபுணரும், அவர்கள் செய்யும் வேலைக்குச் சம்பளமும் வேண்டும். பாசத்தை மட்டும் காட்டி இலவசமாக வேலை வாங்கக் கூடாது.

(2) பேரிடர்த் திட்டம் போடும்போதே தூக்குகிறவர்களின் கணக்கையும் எடுக்க வேண்டும். மீட்பு வேலைக்கு ஷிப்டு முறை, கட்டாய ஓய்வு, கையுறை, பூட்ஸ், காப்பீடு, வேலை முடிந்த பிறகு வீடு தேடிப் போய் விசாரிப்பது ஆகியவை வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி, உள்ளூர் ஆள், தொண்டர் என்ற வித்தியாசம் கூடாது.

(3) நிவாரணப் பணியாளரைத் தாக்கினால் எந்த நாடாக இருந்தாலும், எந்த இயக்கமாக இருந்தாலும் சுதந்திரமான விசாரணை வேண்டும். நம் பக்கம், அவர்கள் பக்கம் என்று பார்த்தால் சட்டம் செத்துவிடும்.

(4) வெளிநாட்டு அதிகாரிக்குக் குண்டு துளைக்காத வண்டி, உள்ளூர் டிரைவருக்கு வெறும் பனியன் என்ற நிலை மாற வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? நாட்டு நலப்பணித் திட்டத்தில் நம்மில் பலர் இருக்கிறோம். நாளை வெள்ளம் வந்தால் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் உடம்புக்கான முதலுதவியோடு உளவியல் முதலுதவியையும் ஒருநாள் பயிற்சியாக நம் கல்லூரியில் நடத்த மாணவர் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். விடுதியில் ஒரு நண்பன் இரண்டு வாரமாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் "லவ் ஃபெயிலியரா?" என்று கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள். அரியர் விழுந்துவிட்டது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிப்பவர்கள் நம்மிடையே உண்டு. குடும்பத்திலேயே முதலில் படிக்க வந்தவருக்கு அந்தப் பாரம் இன்னும் கூடுதல். அவர் ஒருவர் தோளில் ஒரு வீடே உட்கார்ந்திருக்கும்.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416. இலவசம். இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்து பெஞ்சுக்குத் தேவைப்படலாம்.

நண்பர்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். உடம்பை மட்டும் நினைத்து இப்பழமொழியைச் சொல்லி வந்திருக்கிறோம். மனமும் சுவர்தான். அந்தச் சுவர் சாயும்போது முட்டுக் கொடுக்க வருகிறவரும் மனிதர்தான். டிப்ளமோ முடித்து நாளை நாம் குடிநீர்க் குழாய் போடலாம், முகாம் கட்டலாம், மின்கம்பம் நடலாம். எங்கே போனாலும் இரண்டு கணக்கை மறவாமல் போடுவோம்: விழுகிற பாரம் எவ்வளவு? தாங்குகிறவர் பலம் எவ்வளவு? இரண்டாவது கணக்கைப் போடாத எந்தத் திட்டத்திலும் நாம் கையெழுத்துப் போட வேண்டாம்.

மனநலம் காப்போம்! காப்பவரையும் காப்போம்!